டெபியனில் முதல் வேலையாகப் புதுப் பேக்கேஜை எடுக்காதீர்கள்

டெபியன் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளம். அதன் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்ததிலிருந்து, டெபியனில் வேலை செய்ய வேண்டும் என்று என்னிடம் வழி கேட்டு வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அன்று காலையில் அவர் பதிவுசெய்த ஐடிபி திரையில் இருந்தது. ‘இந்த மென்பொருளை நான் டெபியனுக்காகப் பேக்கேஜ் செய்யப்போகிறேன்’ என்று ஊரறியச் சொல்லும் அறிவிப்பு அது. பேக்கேஜ் என்றால் டெபியனில் அப்படியே நிறுவும்படி கட்டிவைத்த மென்பொருள் பொதி. முகமெல்லாம் சந்தோஷம். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில்தான் தொடங்கினேன்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் சிலவற்றைச் சொல்கிறேன். ஆவணத்தைப் படிக்காமல் கேள்வி கேட்பது, ஏற்கெனவே பதிவான வழுவை (மென்பொருள் பிழையை) மறுபடி பதிவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. யாராவது ஒருமுறை சுட்டிக்காட்டினால் அவை சரியாகிவிடும்.

புதுப் பேக்கேஜோடு வருவது

இதில் ஏன் விழுகிறோம் என்பது புரிகிறது. நமக்குப் பிடித்த மென்பொருள் ஒன்று டெபியனில் இல்லை. அதைக் கொண்டுவந்தால் பராமரிப்பாளர் என்ற இடத்தில் நம் பெயர் வரும். வழிகாட்டிகளும் பேக்கேஜ் செய்வது எப்படி என்றுதான் தொடங்குகின்றன.

நான் எடுத்தது சி++இல் எழுதிய ஒரு சிறு வரைபடக் கருவி. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தேன். டெபியன் டெவலப்பராக, அதாவது திட்டத்தின் முறையான உறுப்பினராக, இல்லாதவர் புதுப் பேக்கேஜை நேராக ஏற்ற முடியாது; ஒரு டெவலப்பர் அதைச் சரிபார்த்துத் தன் பொறுப்பில் ஏற்ற வேண்டும். அப்படி ஒரு ஸ்பான்சர் கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அவர் நான்கு முறை திருத்தம் சொன்னார். ஒவ்வொரு மடலும் இரண்டு பக்கம். சம்பளம் வாங்காமல், தன் வீட்டு நேரத்தில் எழுதியவை.

அப்புறம் ‘நியூ’ வரிசை. புதிதாக வரும் ஒவ்வொரு பேக்கேஜையும், களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் எஃப்டிபி குழுவினர் கையால் பிரித்து, கோப்புகளின் உரிமங்களைப் பார்ப்பார்கள். என்னுடையது திரும்பி வந்தது. உதவிப் பக்கங்களுக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது. முழுக்க ஒரே வரி, இடைவெளியெல்லாம் நீக்கிச் சுருக்கியது. அதன் மூல நிரல் எங்கும் இல்லை. டெபியனின் கட்டற்ற மென்பொருள் வரையறையில் இரண்டாவது விதியே மூல நிரல் இருக்க வேண்டும் என்பதுதான். அந்தக் கோப்பை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. பதிப்புரிமைக் கோப்பில் முதன்மை ஆசிரியர் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். துணை அடைவு ஒன்றில் வேறு மூன்று பேருடைய நிரல் கிடந்தது.

எல்லாம் சரிசெய்து ஒருவழியாக உள்ளே போனது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வேலை தொடங்குவதே அங்கேதான். ஜிசிசி கம்பைலரின் புதுப் பதிப்பு வரும்போது டெபியனில் எல்லாப் பேக்கேஜையும் மறுபடி பில்ட் செய்து (மூல நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றி) பார்ப்பார்கள். என்னுடையது பில்ட் ஆகாமல் விழுந்தது. அது ‘சீரியஸ்’ வகை வழு. கவனிக்காமல் விட்டால் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் பேக்கேஜை, அடுத்த வெளியீடு உருவாகும் ‘டெஸ்டிங்’ கிளையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்போது நான் வேறு வேலைக்கு மாறியிருந்தேன். மடல்கள் வந்து படிக்காமலே கிடந்தன. பேக்கேஜ் போய்விட்டது.

என்னை இன்றைக்கும் உறுத்துவது அது போனதுகூட இல்லை. அதே கருவியைப் பேக்கேஜ் செய்ய எனக்கு முன்பே ஒருவர் எண்ணியிருக்கிறார். என் ஐடிபியைப் பார்த்ததும், சரி, யாரோ எடுத்துக்கொண்டார் என்று ஒதுங்கிவிட்டார். அவர் எடுத்திருந்தால் தொடர்ந்து பார்த்திருப்பார். ஸ்பான்சரின் உழைப்பும் வீணாகியிருக்காது. என் முதல் ஆசைக்கு இரண்டு பேர் விலை கொடுத்தார்கள். இதே கதை திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13இல் 69,830 பேக்கேஜ்கள். அந்த வெளியீட்டுக்காக 8,840க்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன. உள்ளே கொண்டுவர ஆளுக்குப் பஞ்சமில்லை, வைத்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

அந்த மாணவியிடம் ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற பேக்கேஜை நிறுவச் சொன்னேன். நம் கணினியில் உள்ளவற்றில் எது பராமரிப்பாளர் இல்லாமல் கிடக்கிறது, எதில் புதியவர்களுக்கென்று குறித்த வழு இருக்கிறது என்று அது பட்டியலிடும். அவர் தினமும் பயன்படுத்தும் ஒரு கருவியே அநாதையாக இருந்தது. அதில் மூன்று வழுக்கள் போதும், ஆறு மாதம் கற்றுக்கொள்ளலாம். விருப்பம் குறையாமல் இருந்தால் அதன்பின் புதுப் பேக்கேஜ் எடுக்கட்டும்.

தன் கணினியில் மட்டும் பில்ட் செய்வது

நம் கணினியில் எப்போதோ வேறு வேலைக்காகப் போட்ட பிகேஜி-கான்ஃபிக் என்ற துணைக் கருவி இருக்கும். பில்ட் சுகமாக முடியும். பில்ட் செய்யத் தேவையானவற்றைச் சொல்லும் சார்புப் பட்டியலில் அதை எழுத விட்டுப்போனது நமக்குத் தெரியவே தெரியாது. டெபியனின் பில்ட் கணினி ஒவ்வொரு முறையும் வெறும் அடிப்படையிலிருந்து தொடங்கும். அங்கே முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். அதேபோல வெறும் அடிப்படையிலிருந்து நம் கணினியிலேயே பில்ட் செய்து பார்க்கும் கருவி எஸ்பில்ட். அதை அமைக்க ஒரு மாலை நேரம் செலவாகும். செலவிடுங்கள்.

நிலையான வெளியீட்டை வைத்து பேட்ச் எழுதுவது

புது வேலை நடப்பது ‘அன்ஸ்டேபிள்’ கிளையில். உங்கள் பேட்ச், அதாவது நிரலில் நீங்கள் செய்யும் திருத்தம், அதன் மேல் பொருந்த வேண்டும். அன்றாடக் கணினியை மாற்ற வேண்டியதில்லை. ஒரு மெய்நிகர் கணினியிலோ சிரூட் என்ற தனி அடைவிலோ அன்ஸ்டேபிளை வைத்துக்கொண்டால் போதும். வெளியீட்டுக்கு முந்தைய ஃப்ரீஸ் காலத்தில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அப்போது பெரிய மாற்றம் எதையும் ஏற்கமாட்டார்கள், உங்கள் மடலுக்குப் பதில் வராததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பேட்சை டெபியனோடு நிறுத்திவிடுவது

மென்பொருளை எழுதியவருக்கும் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால், ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் பராமரிப்பாளர் அதைத் திரும்ப ஒட்டவைக்க வேண்டும்.

வழுவின் தீவிரத்தை ஏற்றிப் போடுவது

செய்யாதீர்கள். ‘கிரேவ்’ என்று போட்டால் அது வெளியீட்டையே தடுக்கும் வகை.

சொல்லாமல் போவது

தேர்வு வரும், வேலை மாறும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஐடிபி போட்டுவிட்டு முடியாவிட்டால் அதை ஆர்எஃப்பி என்று மாற்றிவிடுங்கள். வேறு யாராவது செய்யட்டும் என்று பொருள். பராமரிக்கும் பேக்கேஜ் என்றால் ‘ஓ’ என்று குறித்து அநாதையாக்கிவிடலாம். ஒரே ஒரு மடல், எழுதப் பத்து நிமிடம்கூட ஆகாது. பதில் வராமல் காணாமல்போன பராமரிப்பாளர்களைத் தேடுவதற்கென்றே டெபியனில் தனிக் குழு இருக்கிறது, அவர்களும் தன்னார்வலர்கள்தான்.

என் வரைபடக் கருவிக்கு அந்த மடலை அனுப்ப எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அனுப்பிய ஒன்பதாம் நாள், முன்பு ஒதுங்கிக்கொண்ட அதே மனிதர் அதை எடுத்துக்கொண்டார்.