பூட்டிக் வால்வு கிட்டார் ஆம்ப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெரிய நிறுவனங்களின் தொழிற்சாலைத் தயாரிப்புகளைத் தாண்டி, 'பூட்டிக்' என்ற அடைமொழியோடு விற்கப்படும் வால்வு கிட்டார் ஆம்ப் (மின்கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றை வாங்க எண்ணுபவர், அந்த அடைமொழி ஒரு தரச்சான்று அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவரோ ஒரு சிலரோ கையால் வயரிங் செய்து, சிறு எண்ணிக்கையில் வெளியிடும் பட்டறைத் தயாரிப்பு என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. (அமெரிக்கர்கள் ட்யூப் என்று சொல்வதை இங்கிலாந்தில் வால்வு என்பார்கள், வால்வு ரேடியோவைப் பார்த்து வளர்ந்த நமக்கும் அதுவே பழகிய சொல் என்பதால் இங்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.) விலையும் அதிகம், காத்திருக்கும் காலமும் அதிகம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பதும் கடினம் என்பதால், பட்டறையின் புகழை ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே இருப்பது எந்தச் சுற்று (சர்க்யூட்), அது எவ்வளவு சத்தத்தில் தன் குணத்தைக் காட்டும் என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தேர்வைத் தொடங்குவதே சரியாக இருக்கும்.

பட்டறைகள் பலவாக இருந்தாலும், அவற்றின் சுற்றுகளுக்கு மூதாதையர் சிலரே. ஃபெண்டர் நிறுவனம் கலிபோர்னியாவில் 1950களின் பிற்பாதியில் தயாரித்த, ட்வீட் துணி ஒட்டிய டீலக்ஸ் அவற்றில் ஒன்று. இரண்டு 6வி6 வால்வுகளில் ஏறத்தாழ 12 வாட் தரும் அந்தச் சிறு ஆம்ப், வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பியவுடன் கரகரக்கத் தொடங்கும் (டிஸ்டார்ஷன் என்று கிட்டார்க்காரர்கள் விரும்பித் தேடும் குணம் இது). கீழ் ஸ்தாயி சற்றுத் தளர்ந்து, குரல் தடித்துப் பேசும். அதே நிறுவனம் பாஸ் கிட்டாருக்கென்று செய்து, கிட்டார்க்காரர்கள் தமதாக்கிக்கொண்ட பேஸ்மேன் இரண்டாவது. இலண்டனின் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடன் இருந்த கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் 1960களின் தொடக்கத்தில் அந்தச் சுற்றைப் பார்த்து ஜே.டி.எம்.45 ஆம்ப்பை உருவாக்கினார்கள். ராக் இசையின் மார்ஷல் குரல் முழுவதும் அங்கிருந்து கிளைத்ததுதான். இங்கிலாந்தில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏ.சி.15, ஏ.சி.30 ஆகியவை மூன்றாவது வழி. இ.எல்.84 வால்வுகளைக் கொண்டு, எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி ஒலியைக் கட்டுப்படுத்தும் முறை) இல்லாமல் இயங்கும் இவ்வகையின் மேல் ஸ்தாயி மணி அடித்தாற்போல் ஒலிக்கும். 1963க்குப் பின் கறுப்பு முகப்போடு வந்த ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் போன்றவை நான்காவது. இவை நடு ஸ்தாயியைத் தணித்து, ஒலியைத் தெளிவாக வெகுதூரம் கொண்டுசெல்பவை.

இன்றைய பட்டறைத் தயாரிப்புகள் பலவற்றை இந்த நான்கில் ஒன்றோடு பொருத்திவிடலாம். இலினாயில் இயங்கும் விக்டோரியா, ட்வீட் காலத்துச் சுற்றுகளை ஏறக்குறைய அப்படியே திரும்பச் செய்வதற்குப் பெயர்பெற்றது. 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மேட்ச்லெஸ் நிறுவனத்தின் டி.சி.30, ஏ.சி.30இன் வாரிசு. அலெக்சாண்டர் டம்பிள் கலிபோர்னியாவில் ஒவ்வொரு வாசிப்பாளரின் கைக்கேற்பத் திருத்தித் தந்த ஓவர்டிரைவ் ஸ்பெஷல், கறுப்பு முகப்பு ஃபெண்டரிலிருந்து புறப்பட்டு வேறோர் இடத்தை அடைந்தது. நியூ ஜெர்சியில் கென் ஃபிஷர், வரிசை எண்ணுக்குப் பதிலாகப் பெண்களின் பெயர்களைச் சூட்டி விற்ற டிரெய்ன்ரெக் ஆம்ப்கள், கிட்டாரின் வால்யூம் குமிழைச் சிறிது தணித்தாலே கரகரப்பு கரைந்து தெளிந்த ஒலிக்குத் திரும்பும் குணத்தால் பேசப்பட்டவை. இவ்விருவரும் மறைந்துவிட்ட நிலையில், 'டம்பிள் வகை', 'டிரெய்ன்ரெக் வகை' என்ற பெயர்களில் பலர் ஆம்ப் செய்கிறார்கள். அத்தகைய ஆம்ப்பைக் காதால் கேட்காமல் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் ஒருவருடைய கைக்காக நுணுக்கமாகச் சரிசெய்யப்பட்ட சுற்றை வரைபடத்தைப் பார்த்து நகலெடுத்தால் உறுப்புகள் ஒன்றாக இருக்கலாமே தவிர, குணமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எனவே, உங்களுக்குப் பிடித்த ஒலிப்பதிவுகளில் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்து, அவற்றில் எந்த ஆம்ப் பயன்பட்டது என்று தேடிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சுட்டினால், தேடவேண்டிய பட்டறைகளின் எண்ணிக்கை அப்போதே கால்வாசியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது வாட். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன். 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்ப்பைப் போல இரு மடங்கு சத்தம் தரும் என்று தோன்றும். உண்மையில் அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். ஆக, 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் இடையிலான வேறுபாடு சத்தத்தில் சிறிதுதான். கரகரப்பு தொடங்குவதற்கு முன் தெளிந்த ஒலிக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது, கீழ் ஸ்தாயி எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதில்தான் அது கூடுதலாகத் தெரியும். மறுபக்கம், குறைந்த வாட் என்பதும் குறைந்த சத்தம் அல்ல. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் 5 வாட் செலுத்தினால் 107 டெசிபல் கேட்கும்; அடுக்குமாடி வீட்டில் அந்த அளவில் வாசித்தால் சுவருக்கு அப்பாலிருப்பவர் கதவைத் தட்டுவது உறுதி.

வால்வு ஆம்ப்பின் சிறப்பென்று நாம் கருதும் குணம், ஸ்பீக்கருக்கு ஆற்றல் தரும் இறுதிநிலை வால்வுகளும், அந்த ஆற்றலை ஸ்பீக்கருக்கு ஏற்ப மாற்றும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், ஸ்பீக்கரும் உழைக்கத் தொடங்கும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது. நான் முதன்முதலில் வாங்கிய 50 வாட் ஆம்ப்பின் வால்யூம் குமிழை வீட்டில் இரண்டுக்கு மேல் திருப்ப முடியாமல், மூன்று ஆண்டுகள் அழகு பார்த்துவிட்டு விற்றேன். ஆகவே, எந்த இடத்தில் அதிகம் வாசிக்கிறீர்களோ அந்த இடத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வீட்டு அறைக்கும் ஒலிப்பதிவுக்கும் 5 வாட் அல்லது அதற்கும் குறைவு போதும். டிரம்ஸோடு ஒத்திகை பார்ப்பவருக்கும், மேடையில் ஆம்ப் முன் மைக் வைக்கப்படும் இடங்களுக்கும் 12 முதல் 22 வாட் வரை பொருந்தும். டிரம்ஸுக்கு மேலும் ஒலி சிறிதும் கரகரக்காமல் தெளிவாகவே இருக்க வேண்டும் என்பவர் 40 வாட்டுக்கு மேல் போக வேண்டியிருக்கும்; அவர் தூக்கவேண்டிய எடையும் அதற்கேற்ப 30 கிலோவை நெருங்கும்.

சத்தத்தைக் குறைக்கும் வசதிகளில் மூன்றைப் பிரித்தறிய வேண்டும். மாஸ்டர் வால்யூம், கிட்டாரின் ஒலியை முதலில் பெருக்கும் முன்நிலை வால்வுகளைக் கரகரக்க விட்டு இறுதிநிலையை அடக்கி வைக்கிறது. ஆகவே அதில் கிடைக்கும் கரகரப்பு வேறு சாதி. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அமரும் அட்டெனுவேட்டர், ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. சிறிதளவு குறைக்கும்போது நன்றாகவே இருக்கும், மிகவும் குறைத்தால் ஒலி கம்பளிக்குள் சுற்றியது போலாகிவிடும், இறுதிநிலை வால்வுகளும் விரைவில் தேயும். ஆற்றலையே பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கும் ஸ்விட்ச் சில ஆம்ப்களில் உண்டு. அதை நம்பி வாங்கும் முன் இரு நிலைகளிலும் வாசித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் பாதியாக்கினாலும் குறைவது 3 டெசிபல்தான் என்பதை மேலே பார்த்தோம்.

ஸ்பீக்கரையும் இதே கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 97 டெசிபல் ஸ்பீக்கரில் 30 வாட் ஆம்ப் தரும் சத்தத்தை, 100 டெசிபல் ஸ்பீக்கரில் 15 வாட் ஆம்ப்பே தந்துவிடும். செலஸ்டியனின் கிரீன்பேக் ஒன்று 25 வாட் தாங்கும், அதே நிறுவனத்தின் அல்நிகோ ப்ளூ 15 வாட்தான் தாங்கும் என்பதால், முதலில் ஆம்ப்பை மட்டும் வாங்கி ஸ்பீக்கரைப் பிறகு பார்த்துக்கொள்பவர்கள் ஓம் அளவோடு (ஸ்பீக்கரின் மின்தடை) இந்தத் தாங்குதிறனையும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்பில் வாசிக்கவே கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபயர் வால்வா டயோடா என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. ஜி.இசட்.34 போன்ற ரெக்டிஃபயர் வால்வு உள்ள ஆம்ப்பில், அழுத்தி வாசிக்கும்போது மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து மீள்வதால் விரலுக்கு ஒரு நெகிழ்ச்சி தெரியும். டயோடு உள்ளதில் தாக்கம் கூர்மையாக இருக்கும். கையைப் பொறுத்த விருப்பம் அது, அவ்வளவே.

இனி வேலைத்திறம். அச்சிட்ட சர்க்யூட் போர்டு மட்டம், கையால் வயரிங் செய்தது உயர்வு என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சுற்றும் உறுப்புகளும் ஒன்றாக இருக்கையில் காதால் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். கையால் வயரிங் செய்ததன் உண்மையான பயன் பழுதுபார்ப்பதில் இருக்கிறது: பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு கெப்பாசிட்டரை மாற்ற வேண்டி வந்தால், சால்டரிங் தெரிந்த எவரும் போர்டைக் கழற்றாமலேயே மாற்றிவிடலாம். ஆகவே, வாங்கும் முன் சேஸிஸின் (உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டத்தின்) உட்புறப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வால்வு சாக்கெட்டுகள் போர்டில் ஒட்டியிராமல் சேஸிஸிலேயே திருகப்பட்டிருக்கின்றனவா, வால்வுகளுக்குச் சூடேற்றும் 6.3 வோல்ட் கம்பிகள் இரண்டும் இறுக்கமாக முறுக்கப்பட்டிருக்கின்றனவா, ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இறுதிநிலை வால்வுகளின் வெப்பத்திலிருந்து விலகி இருக்கின்றனவா, சால்டர் செய்த இடங்கள் பளபளப்பாகவும் ஒரே சீராகவும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். டம்பிள் தம் ஆம்ப்கள் பலவற்றில் சுற்றின் மேல் எபாக்சி என்ற கெட்டியாகும் பிசினைப் பூசி மறைத்தார். புகழின் உச்சியில் இருந்தவருக்கு அது செல்லுபடியானது. புதிய பட்டறை ஒன்று அதையே செய்தால், அல்லது சுற்று வரைபடத்தைத் தர மறுத்தால், பழுது பார்க்கும் உரிமையை அவர்களிடமே விட்டுவிட்டு வாங்குகிறோம் என்று பொருள்.

மின்சாரம் குறித்த கேள்வி, இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்கு மிக முக்கியமானது. அமெரிக்கப் பட்டறைகளின் ஆம்ப்கள் இயல்பாக 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்படுகின்றன. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை வெளியில் வைத்துச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆகவே, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கும் ஏற்ற பவர் டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்பிலேயே வைத்துத் தருமாறு ஆர்டரின்போதே எழுத்தில் கேளுங்கள். பல பட்டறைகள் அதைச் செய்து தருகின்றன. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசரும், முறையான எர்த் இணைப்பும் வேண்டும். மின்னழுத்தம் கூடும்போது சூடேற்றும் கம்பியின் வோல்ட்டும் கூடி வால்வுகளின் ஆயுளைக் குறைக்கும்.

வால்வுகள் தேயும் பொருள்கள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு தயாரித்தது. இன்று கிட்டார் ஆம்ப்களுக்கான வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. 6வி6, 6எல்6, இ.எல்.34, இ.எல்.84, முன்நிலைக்கு 12ஏஎக்ஸ்7 என்ற வழக்கமான வகைகள் எளிதில் கிடைக்கும். அரிய பழைய வால்வு ஒன்றை நம்பிச் செய்யப்பட்ட ஆம்ப், எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், பத்தாண்டுகளுக்குப் பின் உங்களை அலைய வைக்கும். இறுதிநிலை வால்வுகளை மாற்றும்போது பயாஸ் (வால்வு ஓய்வில் இருக்கும்போது அதில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்ய வேண்டுமா, அதற்கான அளவீட்டுப் புள்ளிகள் வெளியிலேயே உள்ளனவா என்றும் கேட்டுவிடுங்கள். உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை ஓடுவதோடு, ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர் சேஸிஸைத் திறப்பது உயிருக்கே ஆபத்து.

கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கொண்டுசெல்லுங்கள், ஒலியை மாற்றும் பெடல்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்கி, ஒத்திகையில் எவ்வளவு சத்தம் வைப்பீர்களோ அந்த அளவுக்குக் கொண்டுவந்து, ஒலி கரகரக்கும் நிலையில் ஆறு தந்திகளிலும் ஒரு கார்டு அடித்து, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு கிட்டாரின் வால்யூமை மூன்றுக்குத் தணித்து வாசியுங்கள். நல்ல ஆம்ப் அப்போது மங்காமல் தெளியும். வாசிப்பதை நிறுத்திவிட்டு, வெறும் இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். முன்நிலை வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் கணீரென்று எதிரொலித்தால் அந்த வால்வை மாற்றித் தரச் சொல்லலாம். அரை மணி நேரம் வாசித்த பின்னும் இன்னும் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும் என்று குமிழ்களையே தேடிக்கொண்டிருந்தால், அந்த ஆம்ப் உங்களுக்கானதல்ல.

ஆம்ப் கூரியரில் வந்து சேர்ந்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். அறையின் வெப்பத்துக்குப் பழக ஒரு மணி நேரமாவது விட்டுவையுங்கள். பயணத்தில் தளர்ந்திருக்கக்கூடிய வால்வுகளைச் சாக்கெட்டில் ஒருமுறை அழுத்திச் சரிபாருங்கள். பின்பக்கம் 230 வோல்ட் என்று குறிக்கப்பட்டிருப்பதையும் ஸ்பீக்கர் கேபிள் சரியான ஓம் துளையில் இருப்பதையும் பார்த்த பிறகு, வால்யூம் பூஜ்யத்தில் இருக்க, பவர் சுவிட்சைப் போடுங்கள்.