மாநிலங்களவைத் தேர்தல் முடிவு: கணக்கில் சறுக்கும் இடங்கள்

மாநிலங்களவைக்கு ஒருவர் ஜெயிக்க எத்தனை எம்.எல்.ஏ. வேண்டும் என்று கேட்டால், தமிழ்நாட்டில் 34 என்று பட்டென்று பதில் வரும். 6 இடங்களுக்குப் போட்டி நடந்து, 234 பேரின் வாக்கும் செல்லும் என்றால்தான் அந்த எண் சரி. பேரவையின் பலத்தை வைத்தே கணக்கை முடித்துவிடுவதுதான் பெரிய தவறு.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் என்றால் ஒவ்வொரு வாக்குச்சீட்டுக்கும் மதிப்பு 100. செல்லத்தக்க சீட்டுகளை 100ஆல் பெருக்கி, இடங்களோடு 1 கூட்டிய எண்ணால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, 1 சேர்க்க வேண்டும். 23,400ஐ 7ஆல் வகுத்தால் 3,342. ஒன்று சேர்த்தால் 3,343; அதுதான் வெற்றிக்கான இலக்கு. 33 வாக்குக்கு மதிப்பு 3,300தான், அது போதாது; 34 வேண்டும்.

'செல்லத்தக்க' என்ற சொல்லின் கனம் 2017 ஆகஸ்டில் குஜராத்தில் தெரிந்தது. 3 இடங்கள், பதிவான வாக்குகள் 176. அப்படியே எண்ணியிருந்தால் இலக்கு 4,401, அதாவது 45 வாக்குகள். காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர் தங்கள் சீட்டை அடுத்தவருக்கும் காட்டியதால் அந்த இரண்டும் செல்லாதவையாயின. 174 என்றதும் இலக்கு 4,351ஆக இறங்கியது. 44 வாக்கு போதும் என்றானது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் பெற்றது சரியாக 44. கட்சி உறுப்பினர் தம் கட்சியின் அங்கீகரிக்கப்பட்ட முகவருக்கு மட்டுமே சீட்டைக் காட்ட வேண்டும். சுயேச்சையோ யாருக்கும் காட்டக் கூடாது. முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையைத்தான்.

கட்சி மாறி வாக்களித்தால் பதவி போய்விடும் என்பதும் பரவலான பிழை. இந்தத் தேர்தலில் போடும் வாக்குக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயாது; கட்சி தன் பங்குக்கு நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவே. 2024 பிப்ரவரியில் இமாச்சலில் காங்கிரஸின் 6 பேர் மாற்றி வாக்களித்தார்கள். அவர்கள் தகுதி இழந்தது அதற்காக அல்ல, பட்ஜெட் வாக்கெடுப்பில் கொறடா உத்தரவை மீறியதற்காக. அதே தேர்தலில் இரு வேட்பாளர்களும் 34-34 என்று சமன் ஆகி, குலுக்கலில் காங்கிரஸ் வேட்பாளர் அபிஷேக் மனு சிங்வியின் பெயர் வந்தது. தோற்றவரும் அவர்தான்! அங்கே பின்பற்றிய விதிப்படி, பெயர் வந்தவர் விலக்கப்படுவார்.

'நோட்டா'வைத் தேடவும் வேண்டாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அதை இந்தத் தேர்தலிலிருந்து நீக்கிவிட்டது.

இன்னொன்று, தேதி. தமிழ்நாட்டில் 2025 ஜூன் 12 அன்று கமல்ஹாசன் உட்பட 6 பேர் போட்டியின்றித் தேர்வானார்கள். வாக்குப்பதிவே இல்லாததால் 'இத்தனை வாக்கில் வெற்றி' என்று எழுத அங்கே ஒன்றுமில்லை. அன்றே அவர்களை அவையின் கட்சி பலத்தில் சேர்த்துவிடவும் கூடாது. பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் ஜூலை 24 வரை இருந்தது. கமல்ஹாசன் பதவியேற்றது ஜூலை 25 அன்று.