உலோக உப்பும் வினைல் பலபடியாக்கலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினைல் பலபடியாக்கலின் (ஒற்றைப்படி எனும் சிறு மூலக்கூறுகள் இணைந்து நீண்ட சங்கிலியாகும் வினையின்) வேகத்தை ஆராய வரும் மாணவர்கள் பலர், உப்பின் பெயரைப் பார்த்த உடனேயே அது வினையை விரைவாக்கும் அல்லது தாமதிக்கும் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ஃபெரஸ் (Fe²⁺) அயனி ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, வினைத்திறன் மிக்க துகளை) உண்டாக்கி வினையைத் தொடங்கி வைக்கிறது. ஆனால் அதன் அளவு மிகும்போது அதே தனி உறுப்பை அதுவே ஒடுக்கி, ஃபெரிக்காக (Fe³⁺) மாறிவிடுகிறது. ஃபெரிக் உப்போ வளரும் சங்கிலியின் முனையோடு வினைபுரிந்து, அதன் வளர்ச்சியை அங்கேயே நிறுத்திவிடும்.

கணக்கிடும்போது நேரும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. இரண்டு சங்கிலிகள் ஒன்றையொன்று முடித்துக்கொள்ளும் வழக்கமான வினையில், வேகம் தொடக்கியின் (தனி உறுப்புகளைத் தந்து வினையைத் தொடங்கும் பொருளின்) செறிவின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். டைமெத்தில் ஃபார்மமைடு என்னும் கரைப்பானில் போதிய ஃபெரிக் குளோரைடு இருந்தால், பெரும்பாலான சங்கிலிகளை உப்பே முடித்துவிடுவதால், வேகம் தொடக்கியின் செறிவுக்கு நேர்விகிதத்திலும் உப்பின் செறிவுக்கு எதிர்விகிதத்திலும் மாறும். தொடக்கியைப் பொறுத்த வினைவகை (செறிவின் அடுக்கு) 0.5 வரவில்லை என்று புள்ளிகளை ஒதுக்குபவர், வினை தன் வழிமுறையைத் தெரிவிக்கும் சான்றையே ஒதுக்கிவிடுகிறார்; இதை நான் மிகவும் வருந்தத்தக்கதாகக் கருதுகிறேன்.

துத்தநாகக் குளோரைடு வேகத்தைக் கூட்டுவதைக் கண்டு அதைத் தொடக்கி எனக் கொள்வதும் சரியன்று. அது ஒற்றைப்படியின் நைட்ரைல் அல்லது கார்பனைல் தொகுதியுடன் அணைவுற்று அதன் வினைத்திறனை மாற்றுகிறது.

உதகை, குன்னூர் ஆய்வகங்களில், குறிப்பாகத் தென்மேற்குப் பருவத்தில் மூடுபனி சன்னல் வழியே உள்ளே வரும் நாட்களில், எடைபோடுவதிலேயே பிழை புகுந்துவிடும். கருமை படிந்த நீரற்ற ஃபெரிக் குளோரைடு, கடிகாரக் கண்ணாடியில் வைத்த சிறிது நேரத்தில் ஈரத்தை ஈர்த்து மஞ்சள் கலந்த பழுப்பாகிக் கசியத் தொடங்கும். அறுநீரேற்றை (ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த ஃபெரிக் குளோரைடை) நீரற்றதாக எண்ணி எடையிட்டால், மூலக்கூறு நிறைகள் 270.3, 162.2 என்பதால், உண்மைச் செறிவு கருதியதில் 60 விழுக்காடுதான். மூடியுள்ள எடைப்புட்டியில் எடுத்து, கரைசலின் இரும்பைத் தரம்பார்த்து அறிந்தால் இந்தப் பிழை நீங்கும்.

வினையின்போது கன அளவு சுருங்குவதை அளக்கும் டைலடோமீட்டரின் நுண்குழாய் 60 டிகிரி நீர்த்தொட்டிக்கு வெளியே மலைக்குளிரில் நின்றால், குளிர்ந்து சுருங்குவதும் வினையின் சுருக்கமாகத் தோன்றும். கரைந்த ஆக்சிஜனாலும் தூண்டுதல் காலம் (வினை தொடங்குமுன் கழியும் நேரம்) நீளும் என்பதால், நைட்ரஜன் செலுத்திய அதே ஒற்றைப்படி, அதே தொடக்கி, அதே வெப்பநிலையில் உப்பில்லாத சோதனை ஒன்றை உடன் நடத்திய பிறகே தாமதத்திற்கு உப்பைக் காரணமாக எழுத வேண்டும்.