வேறு மாநிலத்துக்காரருக்கு ரைஃபிளை விற்பது எப்படி? அமெரிக்காவில் சட்டப்படி செய்யும் முறை

ஒஹாயோவில் இருப்பவர் தன் .308 போல்ட் ஆக்‌ஷன் (போல்ட் என்ற கைப்பிடியை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்) ரைஃபிளைப் பென்சில்வேனியாக்காரர் ஒருவருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொலம்பஸுக்கும் பிட்ஸ்பர்குக்கும் காரில் மூன்று மணி நேரம்தான். பாதி வழியில் சந்தித்து, பணத்தை வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். குற்றம் என்பது சரியாக அதுதான்.

1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, டீலர் உரிமம் இல்லாத ஒருவர், அதே போல உரிமம் இல்லாத வேறு மாநிலத்துக்காரருக்கு நேரடியாகத் துப்பாக்கியைக் கைமாற்றக் கூடாது. தெரிந்தே செய்தால் 5 ஆண்டு வரை சிறை. எந்த இடத்தில் நின்று கொடுத்தீர்கள் என்பது கணக்கே இல்லை; யார் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதுதான் கணக்கு. உயில் வழியாக வருவதும், வேட்டைக்கோ விளையாட்டுக்கோ தற்காலிகமாக இரவல் கொடுப்பதும் விதிவிலக்கு. மற்றபடி நடுவில் கூட்டாட்சி உரிமம் பெற்ற டீலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பேச்சுவழக்கில் எஃப்எஃப்எல் என்பார்கள். விலை பேசுவதற்கு முன்பே டீலரைப் பிடித்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

படி 1: பொருளையும் ஆளையும் பாருங்கள்

குழல் 16 அங்குலத்துக்குக் குறைவு, அல்லது மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவு என்றால் அது வேறு சட்டத்தின் கீழ் வரும். இந்த முறை அதற்குச் செல்லாது. வாங்குபவரின் மாநிலச் சட்டமும் முக்கியம். போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி பெரும்பாலும் சிக்கல் தராது. செமி ஆட்டோமேட்டிக் (ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) என்றால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் கைப்பிடியின் வடிவம்கூடத் தடைக்குக் காரணமாகலாம். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை அங்கே அனுப்பாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். நம்மவர்கள் கவனிக்க ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

படி 2: டீலர்

வாங்குபவர் தன் ஊர் டீலரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் போன் செய்ய வேண்டியது நீங்கள். தனிநபர் அனுப்பும் பார்சலை வாங்குவீர்களா என்பதுதான் முதல் கேள்வி. பல டீலர்கள் இன்னொரு டீலரிடமிருந்து வந்தால் மட்டுமே வாங்குவார்கள். இதைக் கேட்காமல் அனுப்பி, பெட்டி அப்படியே திரும்பி வந்தால் இரண்டு பக்கத் தபால் செலவும் உங்கள் தலையில்.

டீலரின் கையெழுத்திட்ட உரிம நகலை வாங்குங்கள். அதிலுள்ள எண்ணின் முதல் 3 இலக்கத்தையும் கடைசி 5 இலக்கத்தையும் ஏடிஎஃப் (துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பு) தளத்தின் ‘ஈஸி செக்’ பக்கத்தில் போட்டால், உரிமம் உயிரோடு இருக்கிறதா, முகவரி எது என்று தெரியும். அந்த முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள்.

ரைஃபிள் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. இரு மாநிலச் சட்டமும் அனுமதித்தால், வாங்குபவர் ஒஹாயோ டீலரின் கடைக்கே நேரில் வந்து எடுத்துப் போகலாம். கைத்துப்பாக்கிக்கு இந்தச் சலுகை கிடையாது. மூன்று மணி நேரம் கார் ஓட்டத் தயாராக இருப்பவருக்கு இதுவே நல்லது: பெட்டியும் வேண்டாம், தபாலும் வேண்டாம்.

படி 3: பணம்

அனுப்பும் முன் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும். வங்கிக் காசோலை கணக்கில் ஏறியதுபோலக் காட்டிவிட்டு, சில வாரம் கழித்துப் போலி என்று திரும்புவது பழைய மோசடி. அஞ்சல் துறை மணி ஆர்டர் என்றால் தபால் நிலையத்திலேயே கொடுத்துப் பணமாக்குங்கள். ஒன்றின் உச்சவரம்பு 1,000 டாலர். பேபால் துப்பாக்கி விற்பனையை அனுமதிப்பதில்லை.

டீலர் கடையில் நடக்கும் பின்னணிச் சோதனையில் வாங்குபவர் தேறாவிட்டால் பணத்தில் எவ்வளவு திரும்பும், துப்பாக்கி திரும்பி வரும் செலவு யாருடையது என்பதை இப்போதே எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெட்டி கட்டுவது

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு போல்ட்டை முழுதாக உருவி, தனியாகச் சுற்றி அதே பெட்டியில் வையுங்கள். தோட்டா ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது.

வழியில் அடிபடுவது பெரும்பாலும் குழலின் முனையும், தோளில் வைக்கும் கட்டையின் அடிப்பாகமும்தான். துப்பாக்கி நீளவாக்கில் நகர்ந்து, அட்டையைக் குழல் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு முனைக்கும் கெட்டியான ஃபோம் அடைத்து, கடினமான கேஸில் வைத்துப் பூட்டி, அந்தக் கேஸை எழுத்தில்லாத அட்டைப் பெட்டிக்குள் இறக்குங்கள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. துப்பாக்கி கம்பெனி பெயர் அச்சான பழைய பெட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது என்ன என்று வெளியில் தெரியக் கூடாது என்பது விதி.

உள்ளே ஒரு தாள்: உங்கள் பெயர், முகவரி, ஓட்டுநர் உரிம நகல், வாங்குபவரின் பெயர், போன், துப்பாக்கியின் மாடல், காலிபர், சீரியல் நம்பர். வாங்குபவர் பெயர் இல்லாமல் வரும் பெட்டி யாருடையது என்று தெரியாமல் டீலர் கடையில் நாள்கணக்கில் கிடக்கும். சீரியல் நம்பரில் ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் குழப்பிவிடாதீர்கள். போட்டோ எடுத்துப் பார்த்து எழுதுங்கள். 1968க்கு முந்தைய சில .22 ரைஃபிள்களில் நம்பரே இருக்காது. அப்படியென்றால் ‘இல்லை’ என்று எழுதிவிடுங்கள்.

படி 5: அனுப்புவது

ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் உரிமம் உள்ளவர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கி வாங்குகின்றன. தனிநபருக்கு அமெரிக்க அஞ்சல் துறை உண்டு: தோட்டா இல்லாத ரைஃபிளை டீலருக்கு அனுப்பலாம். வாங்குபவர் வீட்டு முகவரிக்கு அல்ல. ப்ரையாரிட்டி மெயிலில் நீளமும் சுற்றளவும் சேர்ந்து 108 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 48, 10, 5 அங்குலப் பெட்டி என்றால் 48 கூட்டல் 30, மொத்தம் 78, தாராளமாகப் போகும். காப்பீடும், கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் சேவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னால் எழுதிக் கொடுங்கள். அஞ்சல் வழி பிடிக்கவில்லையா? உள்ளூர் டீலரிடம் கொடுத்தால் அவர் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்.

படி 6: டீலர் கடையில்

டீலர் தன் பதிவேட்டில் ஏற்றுவார். வாங்குபவர் படிவம் 4473ஐ நிரப்புவார். பின்னணிச் சோதனையைப் பல மாநிலங்களில் எஃப்பிஐ செய்கிறது. பென்சில்வேனியாவில் மாநிலக் காவல்துறை செய்கிறது. தேறினால் அன்றே கிடைக்கலாம். கலிஃபோர்னியா என்றால் 10 நாள் காத்திருப்பு.

விற்பனை ரசீது, டீலரின் உரிம நகல், பார்சல் எங்கே போனது என்று காட்டும் தபால் எண் மூன்றையும் தூக்கிப்போடாதீர்கள். துப்பாக்கி என்றாவது ஒரு குற்றத்தில் சிக்கினால் ஏடிஎஃப் தயாரிப்பாளரிடமிருந்து தொடங்கி, முதலில் விற்ற கடை, அங்கே வாங்கியவர் என்று தேடிக்கொண்டு வரும். அந்த முதல் ஆள் நீங்களாக இருந்தால், காட்ட வேண்டியது இந்த மூன்று தாள்கள்தான்.