முகப்பில் 300 என்று இருந்தால் நம்பாதீர்கள்: வீட்டு வேலைக்கு வெல்டிங் மெஷின் வாங்கும்போது விடும் பிழைகள்

கொழும்பில் பஞ்சிகாவத்தையிலோ பழைய சோனகத் தெருவிலோ ஹாட்வெயார் கடைகளில் ஏறி இறங்கினால் எங்கேயாவது ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி கண்ணில் படும். முகப்பில் பெரிதாக 300 அம்பியர் என்று அடித்திருக்கும், ஆனால் விலை பக்கத்தில் இருக்கிற 160 அம்பியர் மெஷினை விடக் குறைவு. நானும் முதலில் அதைத்தான் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தை வீட்டுப் பின்பக்கத்தில் கேற் பிணைச்சல் ஒன்றை ஒட்டத் தொடங்கி மூன்றாவது வெல்டிங் குச்சி முடியும் முன்னமே, சூடு மிஞ்சியதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் படுத்துவிட்டது. ஆற விட்டால் திரும்ப எழும்பும், இன்னும் இரண்டு குச்சி, மறுபடி மஞ்சள்.

அந்த 300ஐ ஒரு தரம் கணக்குப் போட்டிருந்தாலே விளங்கியிருக்கும். குச்சி வெல்டிங்கில் 300 அம்பியர் ஓட வேண்டுமென்றால் ஆர்க்கில், அதாவது குச்சி நுனியில் எரிகிற மின்பொறியில், 32 வோல்ட் அளவு இருக்க வேண்டும், அதாவது 9,600 வாட். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 230 வோல்ட் லைனிலிருந்து 41 அம்பியருக்கு மேல் இழுக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு. அப்புறம் எங்கிருந்து வரும் 300?

ஆகவே முகப்பை விட்டுவிட்டு மெஷினைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அதில் எக்ஸ் என்று போட்ட வரிசைதான் டியூட்டி சைக்கிள்: பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் விடாமல் ஒட்டலாம் என்கிற கணக்கு. 160 அம்பியருக்கு நேரே 20 வீதம் என்று இருந்தால் இரண்டு நிமிடம் ஒட்டி எட்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், அதே மெஷின் 90 அம்பியரளவில் 60 வீதம் தாங்கும். வழக்கமாக இதை 40 பாகை வெப்பத்துக்குத்தான் கணக்கிடுவார்கள். ஏப்ரல் மாதத்துக் கொழும்பில் தகரக் கூரைக்குக் கீழே அதைவிடச் சூடு ஏறும். தகடே இல்லாத மெஷின் என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

உண்மையில் நமக்கு எவ்வளவு வேண்டும்? கேற், ஜன்னல் கிறில், பூச்சட்டி ஸ்டாண்ட், மேசைக் கால் மாதிரி வேலைகளுக்கு 2.5 மில்லிமீற்றர் குச்சியே போதும், அதற்கு 70 முதல் 100 அம்பியர். 3.2 குச்சிக்கும் 130 அளவில் வேலை முடிந்துவிடும். மெல்லிய பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) என்றால் 2 மில்லிமீற்றர் குச்சியும் 50 அம்பியரும், இல்லாவிட்டால் ஓட்டைதான் மிஞ்சும். உண்மையான 140, 160 அம்பியர் தருகிற ஓர் இன்வெர்ட்டர் மெஷின் வீட்டுக்காரருக்குத் தாராளம்.

அடுத்தது, எந்த ப்ளக் பேஸில் மாட்டப் போகிறீர்கள் என்று யோசிக்காமல் வாங்குவது. 80 அம்பியரில் ஒட்டும்போதே மெஷின் 10 முதல் 14 அம்பியர் வரை இழுக்கலாம், ஆகவே சமையலறை 13 அம்பியர் பேஸில் குத்தி மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு வைத்து ஓட்டினால் வயர் இளகும், வோல்ட் விழும், குச்சி ஒட்டிக்கொள்ளும், கடைசியில் மெஷின் சரியில்லை என்று திட்டுவோம். தனி லைன் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு இழுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் தேவை என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், முழுதாக விரித்துவிட்டு.

‘மூன்றும் செய்யும்’ என்று விற்கிற மெஷின்களில் கவனம். மிக் (கம்பி தானாக வந்து உருகி ஒட்டுவது), டிக் (உருகாத டங்ஸ்டன் முனையால் ஒட்டுவது), குச்சி எல்லாம் இருக்கும், ஆனால் டிக் பகுதி டீசியில் (நேர் மின்னோட்டத்தில்) மட்டும் ஓடினால் அலுமினியத்தை அதில் ஒழுங்காக ஒட்ட முடியாது, அதற்கு ஏசி (ஆடலோட்ட மின்சாரம்) வேண்டும். கடைக்கார நானா “எல்லாம் ஒட்டும் தம்பி” என்பார். எல்லாம் ஒட்டாது. காஸ் இல்லாத மிக் கம்பி வாங்கினால் போலாரிட்டியை, அதாவது பிளஸ் மைனஸ் இணைப்பை, மாற்றிப் போட வேண்டும், கம்பி வெளிவரும் கைப்பிடியான டோர்ச் மைனஸில். பலர் இதைக் கவனிக்காமல் பொரிபொரியாகச் சிதறுகிறது என்று கம்பியைக் குறை சொல்கிறார்கள்.

காசு முழுவதையும் மெஷினிலேயே கொட்டிவிட்டுப் பெட்டியோடு வருகிற பிளாஸ்டிக் கைமுகமூடியால் சமாளிப்பதுதான் எனக்குக் கோபம் வருகிற பிழை. ஒரு கையில் முகமூடி, மறு கையில் ஹோல்டர், பொக்ஸ் பாரை யார் பிடிப்பது? தானாகக் கறுக்கும் ஹெல்மெட், தடித்த தோல் கையுறை, இரும்பைக் கவ்வுகிற நல்ல எர்த் கிளாம்ப் ஆகியவற்றுக்கு முதலே காசு ஒதுக்குங்கள். ராத்திரி கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரிந்தால்தான் தெரியும் ஹெல்மெட்டின் அருமை. ஜி.ஐ. பைப் என்றால் நாகப் பூச்சை ஒட்டும் இடத்தில் முதலில் உரசி எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் குச்சிப் பெட்டியைத் திறந்தபடி விடாதீர்கள், ஈரம் குடித்த குச்சி வெடித்து வெடித்து எரியும். கிரைண்டர் வேலை செய்யும்போது மெஷினைத் தள்ளி வையுங்கள், அந்த இரும்புத் தூளை ஃபேன் உள்ளே இழுத்து போர்டில் படிய வைக்கும்.

காசு கொடுக்கும் முன் ஒரு துண்டு இரும்பும் நாலு குச்சியும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே எரித்துப் பார்க்கக் கேளுங்கள். நான் இரண்டாவது மெஷினை அப்படித்தான் வாங்கினேன், மூன்றாவது குச்சி எரியும்போது கண் முழுக்க அந்த மஞ்சள் விளக்கில்தான் இருந்தது.