நாய்க்குக் கை வைத்தியம்: பூண்டில் தொடங்கி காது எண்ணெய் வரை நடக்கும் தப்புகள்

நம் ஊரில் நாய்க்குப் பார்க்கிற கை வைத்தியத்தில் பாதி, மனுஷனுக்குச் செய்வதையே அளவு குறைத்துச் செய்வது. மீதிப் பாதி மாட்டுக்குச் செய்வது. நாய்க்கென்று யோசித்துச் செய்வது ரொம்பக் குறைவு. மூலிகையே ஆகாது என்று சொல்ல வரவில்லை, வேம்பும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அதனதன் இடத்தில் உதவத்தான் செய்கின்றன. ஆனால் நமக்கு ஒன்றும் செய்யாத சில பொருட்கள் நாய்க்கு விஷம். அதைவிட முக்கியம், தோலில் எதைத் தடவினாலும் நாய் நக்கும், அதனால் தடவுகிற மருந்தெல்லாம் கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குக் கொடுத்த மருந்தாகிவிடும்.

பூண்டிலிருந்தே வருவோம். "தினம் ஒரு பல் பூண்டு சோற்றில் பிசைந்து வை, உண்ணி அண்டாது" என்று சொல்லாத ஆளே இல்லை. பூண்டு, பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் எல்லாமே நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாகக் கொடுத்தாலும் வேக வைத்தாலும் பொடியாக்கினாலும் அதேதான். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். அதாவது 10 கிலோ நாய்க்கு நடுத்தர வெங்காயம் ஒன்றரை, இரண்டு. பூண்டின் விஷ வீரியம் அதைவிட அதிகம், இன்னும் குறைவாகவே போதும். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால் அன்றைக்கே எதுவும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளிறும், மூச்சு வாங்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், அதற்குள் பூண்டு கொடுத்ததையே வீட்டில் மறந்திருப்பார்கள். பெரிய லாப்ரடார் ஒரு பல்லைத் தின்றுவிட்டு ஜாலியாகத்தான் திரியும், அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் தன் பொமரேனியனுக்கும் ஆரம்பிக்கிறார்.

இதே பூண்டும் வெங்காயமும் மாட்டு வைத்தியத்தில் உண்டு. மாட்டுக்கு வயிறு உப்பினால் வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், இஞ்சி, வெற்றிலை எல்லாம் அரைத்து வெல்லம் சேர்த்துக் கொடுக்கிற முறையைக் கால்நடைத் துறையினரே சொல்லித் தருகிறார்கள், மாடு அசை போடுகிற பிராணி, அதன் வயிறு வேறு. அதைப் பார்த்துவிட்டு நாய்க்கும் நாலில் ஒரு பங்கு உருட்டிக் கொடுப்பது இரண்டு விதத்தில் தப்பு. ஒன்று, மேலே சொன்ன ரத்தக் கேடு. இன்னொன்று, நெஞ்சு ஆழமான பெரிய நாய்க்கு, ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி நாய்களுக்கு, வயிறு திடீரென்று உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும், அறுவை சிகிச்சைதான் வழி. இஞ்சி அரைத்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

உண்ணிக்குக் கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் தேய்ப்பதும் பரவலாக நடக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் இன்னும் வேகமாகப் போகும், அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கி அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ஆன்லைனில் 'இயற்கை' என்று விற்கிற டீ ட்ரீ ஆயிலை நீர்க்காமல் முதுகில் ஊற்றினால் நாய் தள்ளாடும், நடுங்கும். வேப்பெண்ணெயை மட்டும் நிறைய தேங்காயெண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து தடவிப் பார்க்கலாம், நக்காமல் இருக்கக் கழுத்துக்குப் புனல் மாதிரியான கோன் காலர் மாட்டிவிட்டு. அதுவும் லேசான தொல்லைக்குத்தான்.

ஆனால் உண்ணி விஷயத்தில் பெரிய தப்பு நாயை மட்டும் பார்ப்பது. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் இடுக்கிலும் கதவு நிலைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம், மீதி உங்கள் வராண்டாவில் இருக்கிறது. சுவரோரம், கோணி, படுக்கை எல்லாம் சுத்தம் செய்யாமல் நாய்க்கு என்ன தடவினாலும் பத்து நாளில் பழைய கதைதான். பிடுங்கும்போது சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நகத்தால் நசுக்க வேண்டாம்.

உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டால் பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் ஆரம்பமாகும். டெங்குவில் தட்டணு (ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட்) குறைகிறது, நாய்க்கும் தட்டணு குறைகிறது, அதனால் அதே மருந்து என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெங்கு வைரஸ், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். நாய்க்கு வருவது பெரும்பாலும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா, அது பப்பாளிக்கு அடங்காது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 4 வாரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் தேறியது மாதிரி இருந்துவிட்டு மாதக்கணக்கில் உள்ளுக்குள் நோய் ஓடி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடலாம். சாப்பிடாமல் படுத்தே கிடக்கிறது, உடம்பு கொதிக்கிறது, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி என்றால் ரத்தப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும்.

சொறி பிடித்த தெரு நாய்க்கு மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கி ஊற்றுகிறவர்கள் நல்ல மனசில்தான் செய்கிறார்கள். பூச்சி மூச்சு முட்டிச் சாகும் என்பது நினைப்பு. அந்த ஆயிலில் இருக்கிற உலோகத் துகளும் ரசாயனமும் புண்ணான தோலில் இறங்கும், நாய் நக்கி விழுங்கவும் செய்யும். சொறியை உண்டாக்குகிற சிற்றுண்ணியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு, ஒன்று மனிதருக்கும் ஒட்டி அரிக்கும், ஒன்று ஒட்டாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்கேற்ற மருந்தும் இருக்கிறது, அரசு கால்நடை மருந்தகத்திலேயே கேட்கலாம்.

காது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விடுகிற பழக்கத்தை நாயிடம் காட்டாதீர்கள். நாயின் காதுக் குழாய் கீழே இறங்கிப் பிறகு உள்பக்கமாகத் திரும்பும், ஊற்றியது எளிதில் வெளியே வராது. காதில் நாற்றம் வருவதற்கு அடிக்கடி காரணமான ஈஸ்ட் கிருமிக்கோ எண்ணெய்ப் பசை என்றால் கொண்டாட்டம். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியவும் வழியில்லை.

கற்றாழைக்கு ஒரு வார்த்தை. சோற்றைத் தோலில் தடவலாம், ஆனால் மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. மடலைச் சற்று நேரம் நிறுத்தி வைத்து அது வடிந்த பிறகு, தோலைச் சீவி, சோற்றைப் பல தடவை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். மலச்சிக்கலுக்கு ஊற வைத்த உலர் திராட்சை கொடுப்பதும் கூடவே கூடாது, திராட்சை எந்த வடிவத்திலும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். அதற்குப் பதில் உப்பு, காரம், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேக வைத்த மஞ்சள் பூசணி இரண்டு கரண்டி போதும்.

எந்தக் கஷாயமானாலும் தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவது தனித் தப்பு, பாதி மூச்சுக்குழாயில் போய்விடும். எதையோ தின்றுவிட்டது என்று உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான், உப்பே விஷமாகிவிடும்.

குட்டிக்கு ரத்தப் பேதியும் வாந்தியும் என்றால் மாதுளைத் தோல், ஜவ்வரிசிக் கஞ்சி என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். தடுப்பூசி போடாத குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், உடம்பில் நீர் வற்றியே குட்டி செத்துவிடலாம், நரம்பில் டிரிப்ஸ் ஏற்றுவதுதான் முக்கியமான சிகிச்சை. பெரிய நாய் ஒரு வேளை இளக்கமாகப் போய்விட்டு வாலாட்டிக்கொண்டு திரிந்தால் தயிர்ச் சாதம் கொடுத்துப் பார்க்கலாம், அது வேறு விஷயம்.

உங்கள் நாய் வேறு நாயிடம் கடி வாங்கிக்கொண்டு வந்தால் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்து 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குக் கூட்டிப் போங்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு அதற்கு எந்த வைத்தியத்திலும் மருந்து கிடையாது.

அப்புறம், டாக்டரிடம் போகும்போது வீட்டில் என்ன தடவினீர்கள், என்ன புகட்டினீர்கள், எவ்வளவு, எப்போது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து நிறைய பேர் "ஒண்ணும் குடுக்கல சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். கற்பூர எண்ணெயால் வந்த வலிப்பையும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயால் வரும் வலிப்பையும் வெளியிலிருந்து பார்த்து உடனே பிரித்துச் சொல்ல முடியாது, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.