சமுதாயக் கல்லூரியில் முதல் கலைநிகழ்ச்சி: கடலோரப் பயிற்றுநர்களுக்கான செய்முறை

சமுதாயக் கல்லூரியில் தையலோ கணினியோ கற்க வருகிறவர்களில் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். வீட்டையும் பிழைப்பையும் பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். அவர்களைச் சினிமாப் பாட்டுக்கு ஆடவைத்து ஆண்டுவிழாவை முடித்துவிடுவது எளிது. ஆனால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் நம் இராமநாதபுரக் கரையில் மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் முளைப்பாரிக் கும்மியும் ஒயிலாட்டமும் அந்த மாணவர்களின் வீட்டுப் பெரியவர்களிடமே இருக்கும்போது, அவற்றை முறையாகக் கற்று அரங்கேற்றுவதே கல்லூரிக்குப் பெருமை என்பது என் உறுதியான கருத்து. இதுவரை நிகழ்ச்சி எதுவும் நடத்தியிராத பயிற்றுநர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: நாள் குறித்தல்

கடலைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், அப்போது பயிற்சிக்கு ஆள் கிடைக்கும். ஆனால் வீடுகளில் பணமுடை மிகுந்திருக்கும் காலமும் அதுவே. ஆகவே உடைக்கென்றோ பந்தலுக்கென்றோ மாணவர்களிடம் வசூல் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் புயலும் வருமாதலால் திறந்தவெளி நிகழ்ச்சியை அப்போது வைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: ஆசானைத் தேடுதல்

"உங்கள் வீட்டில் பாடுகிறவர் யார்?" என்று மாணவர்களிடம் கேளுங்கள். பெயர் கிடைத்ததும் அவரைக் கல்லூரிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பாமல், நீங்களே வெற்றிலை பாக்கு, பழத்துடன் வீட்டுக்குப் போய் முறையாக அழையுங்கள். எந்தப் பாட்டை மேடையில் பாடலாம், எது வேலையிடத்தோடு நிற்க வேண்டியது என்பதை அவரே முடிவு செய்யட்டும். வேலைப் பாட்டுகளில் கேலியும் பச்சையான பேச்சும் கலந்திருப்பது இயல்பு. ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்களை வீட்டில் வைத்துப் பாடிக்காட்டச் சொல்லக் கூடாது. துக்கம் நேராத வீட்டில் அது ஆகாது என்று பலரும் கருதுவார்கள்.

மூன்றாம் படி: அம்பாப் பயிற்சி

கூடுதல் நாட்களை இதற்கே ஒதுக்குங்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்றுப் பாடுவதே அம்பா. பாட்டை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யவைத்தால் அது வகுப்பறைச் செய்யுளைப் போல உயிரற்று ஒலிக்கும். எனவே முதல் சில நாட்கள் பாட்டே வேண்டாம். மைதானத்து மரத்தில் தடித்த கயிறு ஒன்றைக் கட்டி, எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி இழுக்கச் சொல்லுங்கள். குதிகால் மணலில் பதியும், உடல் பின்னே சாயும், கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றை மாற்றிப் பிடிக்கும். எட்டுப் பேரின் சாய்வும் ஒரே நேரத்தில் விழத் தொடங்கிய பிறகு பெரியவர் பாட்டை எடுக்கட்டும். ஏற்றுப் பாடும் குரல் இழுப்பின் மேல் தானாக வந்து அமரும். மீன் சேரும் பை போன்ற வலையின் மடி கரையை நெருங்கும்போது வேலை விரைவுபடுவதைப் போலப் பாட்டின் கடைசிப் பகுதியை வேகப்படுத்திப் பழகுங்கள். அரங்கேற்றத்தையும் மேடைக்கு முன்னால் உள்ள மணல்தரையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பலகையில் கால் வழுக்கும், குதிகால் பதியாது.

கும்மிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. முளைப்பாரி எடுத்துப் பழகிய பெண்கள் இருவர் வட்டத்தில் நின்றால் மற்றவர்கள் கைதட்டையும் அடியையும் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். ஒயிலாட்டத்துக்கோ வரிசை கலையாத கால்வேலையும், கைத்துணி வீச்சும், சலங்கை ஒலியும் ஒன்றுபட வேண்டும். தேர்ந்த வாத்தியார் கிடைக்காவிட்டால் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள்.

நான்காம் படி: மேடையும் ஒலியும்

வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றோ மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றோ, எது வீசும் காலமோ அதற்கு முதுகு காட்டி மேடையை அமையுங்கள். பின்திரைத் துணியில் அங்கங்கே சிறு கீறல் போட்டால் காற்று புகுந்து வெளியேறும். இல்லாவிட்டால் சட்டத்தோடு சாய்ந்துவிடும். மைக்கின் தலையில் கட்டாயம் பஞ்சுறை மாட்டுங்கள். அம்பாவுக்கு, பாட்டெடுப்பவருக்கு ஒரு மைக்கும், குழுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மைக்கும் போதும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறையிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும்; 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. ஒன்றரை மணிநேர நிகழ்ச்சியை மாலை 6 மணிக்குத் தொடங்கினால், அதிகாலையில் கடலுக்குப் போகிறவர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: மரியாதையும் பதிவும்

கற்றுக்கொடுத்த பெரியவருக்குச் சால்வையோடு நிறுத்தாமல், ஒரு நாள் கூலிக்குக் குறையாத தொகையைப் பயிற்சி நடந்த ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிட்டுக் கொடுங்கள். முன்வரிசையில் அவருக்கு இருக்கை போடுங்கள். அழைப்பிதழில் தலைமை தாங்குபவரின் பெயருக்கு அடுத்து ஆசான் என்ற அடைமொழியோடு அவர் பெயரை அச்சிடுங்கள். அவருடைய சம்மதம் பெற்றுச் செல்போனில் பாடல்களைப் பதிவு செய்து, பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடுவது என்ற மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். பதிவின் ஒரு படியை அவர் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.